தண்ணீர் காட்டாத கோட்டு

தண்ணீரில் நனைக்காமல் துணியை வெளுக்கலாம் என்பதை வலியசாலை அக்ரகாரம் ஏற்றுக்கொள்ளவில்லை. தம்பானூர் ரயில்வே ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் தாசையன் 'கொழும்பு பெட்ரோல் வாஷ்' என்று போர்டு மாட்டிக் கடை திறந்து வெகுநாளாகியும், அந்தத் தெருவிலிருந்து ஒரு கைக்குட்டைகூட அங்கே போனதில்லை. பெட்ரோல் என்பது பஸ்ஸுக்கு ஊற்றுகிற சாமான். அதில் துணியை முக்கி எடுப்பது, குளிக்காமல் பவுடர் பூசிக்கொண்டு கோயிலுக்குப் போகிற மாதிரி என்று பிச்சுமணி சாஸ்திரிகள் சொல்லியிருந்தார். சாஸ்திரிகளுக்கு எதைப் பற்றியும் ஓர் அபிப்பிராயம் உண்டு. கேட்காவிட்டாலும் சொல்லிவிடுவார். தெருவில் பாதிப் பேர் அவர் சொன்னதை நம்பினார்கள். மீதிப் பேர் அவரோடு வாதாடப் பொழுதில்லாமல் விட்டுவிட்டார்கள்.

அப்படிப்பட்ட தெருவிலிருந்து முதல்முதலாகத் தாசையன் கடைக்குப் போன உருப்படி, காலமான ஹரிஹரையரின் கோட்டு. கொண்டு போனவன் அவருடைய ஒரே பிள்ளை ஸ்ரீகண்டன்.

ஐரோப்பாவில் யுத்தம் ஆரம்பித்திருந்த சமயம் அது. அதனால் யார் யாருக்கு என்னென்ன கஷ்டமோ, வலியசாலைக்கு உத்தியோகம் வந்தது. ராணுவக் கணக்கு ஆபீசுக்குக் குமாஸ்தாக்கள் எடுக்க ஒரு வெள்ளைக்கார அதிகாரி வந்து, தைக்காட்டில் ஒரு பங்களாவில் தங்கியிருந்தார். பி.ஏ. பாஸ் பண்ணிவிட்டு வீட்டுக்கும் வாசகசாலைக்கும் நடந்துகொண்டிருந்த ஸ்ரீகண்டனைச் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். கிடைத்தால் பூனாவில் வேலை. கோட்டுப் போடாமல் போனவர்களை அந்த அதிகாரி வாசலோடு திருப்பி அனுப்புகிறார் என்று ஊரில் பேச்சாக இருந்தது. புதுக் கோட்டு தைத்துக்கொள்ள ஸ்ரீகண்டனுக்கு அவகாசமும் இல்லை, வகையும் இல்லை. வீட்டில் இருந்ததே ஒரு கோட்டுதான், அது அப்பாவுடையது.

பூனா என்றதும் அவனுடைய அம்மா லலிதாம்பாள், "உன்னிஷ்டம்" என்றாள். அந்த வீட்டில் அந்த வார்த்தைக்கு அர்த்தம் வேறு. ஹரிஹரையர் ஹஜூர் கச்சேரி என்ற சர்க்கார் தலைமை ஆபீசில் குமாஸ்தாவாக இருந்தவர். கோட்டயத்துக்கு மாற்றிப் பெரிய உத்தியோகம் தருகிறோம் என்றபோது, மனைவி "உங்க இஷ்டம்" என்று சொன்ன ஒரே காரணத்தால் வேண்டாமென்று எழுதிக் கொடுத்தவர். பிள்ளைக்கும் அது தெரியும். பூனா போய்விட்டால் அவள் தனியாக இருக்க வேண்டும். கூட வரவும் மாட்டாள். பத்மநாப சுவாமியை விட்டுவிட்டு முன்பின் தெரியாத ஊரில் போய் எந்தத் தண்ணீரில் குளிப்பது என்று கேட்பாள். அதனால் ஸ்ரீகண்டன் பேச்சை எடுக்காமலே இருந்தான். அவனுக்குப் போக வேண்டும். அம்மா போகச் சொல்லவும் வேண்டும். இரண்டும் நடக்காது என்று அவனுக்கே தோன்றியது.

கோட்டு, உள்ளறையில் ஒரு தகரப்பெட்டியில் இருந்தது. லலிதாம்பாள் அவ்வப்போது பெட்டியைத் திறந்து அதை எடுத்துப் பார்ப்பாள். பூச்சி விழுந்திருக்கிறதா என்று பார்ப்பதாகச் சொல்வாள். பூச்சி பார்க்கிறவள் துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். இவள் அதைக் கன்னத்தோடு வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வாள். ஹரிஹரையர் தலையில் தேங்காயெண்ணெய் சொட்டச் சொட்டத் தேய்த்துக்கொள்பவர். மூக்குப்பொடி போடுபவர். அவர் தும்மினால் கோயில் வாசல்வரை கேட்கும். எண்ணெயும் பொடியும் வேர்வையும் சேர்ந்த அந்த வாசனை கோட்டில் அப்படியே இருந்தது. வேறு எதிலும் இல்லை. அவருடைய வேஷ்டிகளெல்லாம் தானம் கொடுத்தாகிவிட்டது.

இது பிள்ளைக்குத் தெரியாது. பூச்சி பார்க்கிறாள் என்றே நினைத்துக்கொண்டிருந்தான்.

செவ்வாய்க்கிழமை அவள் கோயிலுக்குப் போன சமயத்தில் பெட்டியைத் திறந்து கோட்டை எடுத்தான். கேட்டால் "உன்னிஷ்டம்" என்பாள் என்று பயந்து கேட்காமலே எடுத்தான். கழுத்துப்பட்டை எண்ணெயேறிப் பளபளவென்று இருந்தது. முதுகில் மழைக்காலத்துப் பூசணம். துணி வெளுக்கிற தங்கப்பனிடம் போட்டால் கிள்ளியாற்றங்கரைக் கல்லில் நாலு சாத்து சாத்தி, பட்டன்களைப் பொடியாகத் திருப்பிக் கொடுத்துவிடுவான். ஆகவே காகிதத்தில் சுற்றிக்கொண்டு தம்பானூருக்கு நடந்தான்.

தாசையன் நெய்யாற்றின்கரைக்குத் தெற்கே ஏதோ ஊர்க்காரன். கொழும்பில் ஒரு துரை நடத்திய சலவைக் கம்பெனியில் வேலை பார்த்துவிட்டு வந்தவன். பேச்சுக்குப் பேச்சு கொழும்பு வரும். கோட்டை மேஜைமேல் விரித்துக் கழுத்துப்பட்டையை விரலால் தடவிப் பார்த்தான்.

"இதில உள்ள எண்ணெயைப் பிழிஞ்சா ஒரு மாசம் கறி வைக்கலாம் சாமி. கொழும்பில கவர்னருக்க கோட்டுகூட நான் கழுவியிருக்கேன். இப்பிடி ஒண்ணு கண்டதில்ல."

"போகுமா?"

"எண்ணெதானே, போவாம? கேட்டியளா, அழுக்கு ரெண்டு ஜாதியாக்கும். எண்ணெயில ஒட்டினது ஒண்ணு, வெள்ளத்தில ஒட்டினது ஒண்ணு. எண்ணெ அழுக்கு பெட்ரோலைக் கண்டா கையை விட்டிரும். பாயசம், சாம்பாரு, பொடி, இதொண்ணும் பெட்ரோலுக்குத் தெரியாது. அதை நான் ஈரத்துணி வச்சு ஒத்தி ஒத்தி எடுக்கணும்."

"தண்ணீரிலேயே முக்கினால் என்ன?" என்று ஸ்ரீகண்டன் கேட்டான்.

தாசையன் இந்தக் கேள்விக்காகத்தான் கடை திறந்து வைத்திருந்தான் என்று சொல்ல வேண்டும். "இது ஆட்டு ரோமமாக்கும் சாமி. வெள்ளம் குடிச்சா ஊதும். ஊதினதைக் கசக்கினா ஒண்ணோடொண்ணு பின்னிக்கிட்டுச் சுருங்கிப்போவும். பின்னெ விடாது. பெட்ரோல் ரோமத்துக்கு உள்ள ஏறாது. மேலோட ஓடி அழுக்கைக் கூட்டிக்கிட்டுப் போயிரும். துணிக்குத் தன்னை நனைச்சதே தெரியாது." சொல்லிக்கொண்டே பைகளை வெளியே இழுத்து உதறினான். உடனே மூன்று தும்மல் தும்மினான். "யாரு பொடி போடுவா?"

"அப்பா. இப்போ இல்லை."

தாசையன் மூக்கைத் துடைத்துக்கொண்டு, பிரஷ்ஷால் பைகளின் தையலோரம் தேய்த்தான். போதும் என்று தோன்றியதும் நிறுத்திக்கொண்டான்.

வேலை நடந்தது கடைக்குப் பின்னால் தகரக் கொட்டகையில். அங்கே பீடி பற்ற வைத்தவனைத் தாசையன் ஒருமுறை காலர் பிடித்து ரோட்டில் தள்ளியிருக்கிறான். மண் நிறைத்த வாளிகள் வரிசையாக நிற்கும். பட்டுத் துணியை வேகமாக உரசினால் அதிலிருந்தே தீப்பொறி வரும் என்று சொல்வான், அது உண்மைதான். கழுத்துப்பட்டைக்கு ஒரு சோப்புத் தடவித் தேய்த்துவிட்டு, கோட்டைக் கைப்பிடி போட்ட பீப்பாய்க்குள் போட்டுப் பெட்ரோல் ஊற்றி மெதுவாகச் சுற்றினான். திறந்தபோது பெட்ரோல் காப்பி டிகாஷன் மாதிரி இருந்தது. அதை ஒரு டின்னில் வடித்து வைத்தான். அழுக்கு அடியில் தங்கியதும் மேலே தெளிந்ததை மறுபடி எடுத்துக்கொள்ளலாம். புதுப் பெட்ரோலில் ஒரு தடவை அலசி, முறுக்காமல் அழுத்தி, நிழலில் காற்றோட்டமாகத் தொங்கவிட்டான். வாசனை முழுக்கப் போன பிறகே இஸ்திரிப் பெட்டி பக்கத்தில் வரலாம். அதற்குமுன் வந்தால் கோட்டும் போகும், கொட்டகையும் போகும், கொழும்பில் படித்த ஆளும் போவான்.

வியாழக்கிழமை ஸ்ரீகண்டன் போனபோது மேஜைமேல் ஒரு நீலக் கோட்டு இருந்தது.

"இது என்னுடையதில்லை. நான் தந்தது கறுப்பு."

"கறுப்பு உங்க அப்பாக்க எண்ணெயாக்கும்" என்றான் தாசையன். "கோட்டுக்க நிறம் இதுதான்."

ஸ்ரீகண்டன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அப்பாவின் கோட்டு நீலம் என்பது வாழ்நாளில் அவனுக்குத் தெரியாது. ரோமம் நிமிர்ந்து, துணி புதிசாக மெத்தென்று இருந்தது. பட்டன்கள் எல்லாம் இருந்தன. போட்டுப் பார்த்தான்; தோள் அளவெடுத்தது மாதிரி உட்கார்ந்தது. கண்ணாடியில் பார்த்தபோது பூனா அவ்வளவு தூரமாகத் தோன்றவில்லை.

"வெள்ளத்தை மட்டும் காட்டப்பிடாது" என்று தாசையன் வாசல்வரை வந்து சொன்னான். "மழையில நனைஞ்சா உடனே எங்கிட்டக் கொண்டாங்க."

மகர மாசம், மழைக்கு ஏது வழி என்று ஸ்ரீகண்டன் நினைத்துக்கொண்டான்.

வீட்டுக்கு வந்து கூடத்து ஆணியில் மாட்டினான். லலிதாம்பாள் அடுக்களையிலிருந்து வந்து பார்த்தாள்.

"யாரோடதுடா இது?"

"அப்பாவோடதுதான்மா. தம்பானூர்ல குடுத்து வெளுத்துண்டு வந்தேன்."

அவள் பக்கத்தில் போய்க் கழுத்துப்பட்டையைக் கையில் எடுத்து முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனாள். அதில் ஒன்றும் இல்லை. பஸ் ஸ்டாண்டில் நின்றால் வருகிற வாசனை கொஞ்சம் இருந்தது, அவ்வளவுதான். செவ்வாய்க்கிழமைவரை அதில் ஒரு மனுஷர் இருந்தார்.

அவளுக்கு அழுகை வந்திருக்க வேண்டும். வந்தது கோபம். ஆனால் எதைச் சொல்லிக் கோபப்படுவது? புருஷன் போய் இத்தனை வருஷத்துக்கு அப்புறம் அவர் கோட்டை முகர்ந்துகொண்டிருந்தேன் என்று அந்தத் தெருவில் எந்த விதவையும் வாய்விட்டுச் சொல்ல மாட்டாள். பெற்ற பிள்ளையிடம் சொல்லவே மாட்டாள். அவளுக்குச் சொல்லக் கிடைத்தது, மடி கெட்ட துணிக்குச் சொல்கிற ஒரே ஒரு வார்த்தைதான்.

"விழுப்பு" என்றாள். "கண்டவா கையெல்லாம் பட்டு, துளி ஜலம்கூடத் தொடாம வந்திருக்கு. இதைக் கொண்டுவந்து கூடத்துல மாட்டறயே."

"கம்பளிக்கும் பட்டுக்கும் விழுப்பில்லேன்னு நீதானேம்மா சொல்லுவே?"

அது நியாயமான கேள்வி. நியாயமான கேள்வி என்பதால் அவளுக்குக் கோபம் இன்னும் ஏறியது. "பிச்சுமணியைக் கூப்பிடு" என்றாள்.

பிச்சுமணி சாஸ்திரிகளுக்கு அடுத்த வீடு. பேச்சு காதில் விழுந்து ஏற்கெனவே வாசலுக்கு வந்துவிட்டிருந்தார். கோட்டைத் தொடாமல் ஒரு குச்சியால் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மேல்துணியைப் பார்த்து, "கம்பளி. இதுக்கு விழுப்பில்லை" என்றார். ஸ்ரீகண்டன் மூச்சு விட்டான். சாஸ்திரிகள் குச்சியால் முன்பக்கத்தை விலக்கினார். உள்ளே பழுப்பு நிறத்தில் லைனிங் தெரிந்தது.

"இது என்னது?"

"லைனிங். உள்துணி."

"பருத்தியாக்கும்."

சாஸ்திரிகளின் முகத்தில் சந்தோஷம் தெரிந்தது. இப்படி ஒரு கேள்வி அவருக்கு வருஷத்தில் ஒருமுறைகூடக் கிடைப்பதில்லை. "பருத்திக்கு விழுப்பு உண்டு. ஆகக்கூடி, கோட்டுக்கு வேண்டாம். உள்துணிக்கு ஜலம் காட்டணும். கம்பளியில பட வேண்டாம், கேட்டயா. உள்துணிக்கு மட்டும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

"தண்ணியே காட்டப்படாதுன்னு சொல்லியிருக்கான்மா. நாளன்னிக்கு இதைப் போட்டுண்டு போகணும். அப்புறம் பாத்துக்கலாம்" என்றான் ஸ்ரீகண்டன். அவள் அடுக்களைக்குத் திரும்பினாள். சம்மதித்துவிட்டாள் என்று அவன் எடுத்துக்கொண்டான். அவனுக்கு எப்போதும் அந்த அவசரம் உண்டு.

வெள்ளிக்கிழமை காலை அவன் சர்ட்டிபிகேட்டுகளில் கையெழுத்து வாங்கக் காலேஜுக்குப் போனான். லலிதாம்பாள் கோட்டை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள். விதிப்படிதான் செய்தாள். கோட்டை உள்வெளியாகத் திருப்பி, தலை நனையாமல் குழந்தையைக் குளிப்பாட்டுகிற மாதிரி கழுத்துப்பட்டையையும் கைகளையும் தூக்கிப் பிடித்துக்கொண்டு, உள்துணியை மட்டும் வாளியில் முக்கி எடுத்தாள். கோபத்தில் செய்தாளா, மடிக்காகச் செய்தாளா என்று கேட்டால், இரண்டும்தான். அந்தக் கோட்டின்மேல் தனக்கு இன்னும் அதிகாரம் உண்டு என்று காட்டாமல் அவளால் இருக்க முடியவில்லை.

உள்துணியோடு நின்றுவிட வேண்டும் என்று தண்ணீருக்குச் சாஸ்திரிகள் சொல்லவில்லையே. அது தையல் வழியாக ஏறிற்று. கம்பளி குடித்தது. கனத்துப் போன கோட்டை அவள் பயந்து போய்ப் பிழிந்து, மகர மாச வெயிலில் கொடியில் போட்டாள்.

மத்தியானம் ஸ்ரீகண்டன் வந்தபோது அது காய்ந்திருந்தது. உள்துணி நன்றாகச் சுருங்கி, மேல்துணியை உள்ளே இழுத்துப் பிடித்திருந்தது. மார்பில் கொப்புளம் கொப்புளமாக எழும்பி, விளிம்புகள் அப்பளம் மாதிரி சுருண்டிருந்தன. அவன் அதைப் போட்டுப் பார்த்தான். கைகள் மணிக்கட்டுக்கு மேலே ஏறி நின்றன. முதுகில் மூட்டை தூக்குகிறவன் மாதிரி ஒரு புடைப்பு. பட்டன் துவாரத்தை எட்டவில்லை.

"உள்துணியைத்தான்டா நனைச்சேன்" என்றாள் லலிதாம்பாள். இப்படி ஆகும் என்று அவள் நினைக்கவில்லை.

"போகாதேன்னு சொல்லியிருக்கலாமேம்மா. சொன்னா நின்னிருப்பேன். அதை விட்டுட்டு இந்தக் கோட்டை ஏன் கொன்னே?"

"கொன்னது நானா?" என்றாள். அதுவரை அடக்கி வைத்திருந்தது அப்போது வந்துவிட்டது. "அவரோட வாசனை அதுலதான்டா இருந்தது. வேற எங்கயும் இல்லை. ஒரு வார்த்தை கேக்காம எடுத்துண்டு போய் அலம்பிக் கொண்டுவந்துட்டே. நீயும் போகப்போறே. நான் இங்க எதை வெச்சுண்டு இருப்பேன்?"

சொல்லிவிட்டு அவள் அடுக்களைக்குள் போய்விட்டாள். ஸ்ரீகண்டன் கூடத்தில், பொருந்தாத கோட்டோடு நின்றான். பூச்சி பார்ப்பதாகச் சொல்லி அவள் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்ததெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. தன்னைப் போல ஒரு மடையன் இல்லை என்று தோன்றியது. அவ்வளவு வெட்கம் அவனுக்கு அதற்குமுன் வந்ததில்லை.

தாசையன் கோட்டைப் பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டான். "ஆரு வெள்ளம் காட்டினது?" என்று இரைந்தான். ஸ்ரீகண்டன் நடந்ததைச் சொன்னான். மேல்துணிக்கு இல்லை, உள்துணிக்கு உண்டு என்ற சங்கதியைத் தாசையன் இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டான். கடைசியில் சிரித்துவிட்டான்.

"கொழும்பில இதொண்ணும் இல்ல சாமி. சரி, இனி ஒண்ணு செய்யலாம். சுருங்கினது அதிகமும் உள்துணியாக்கும். அதுதான் கம்பளியைப் பிடிச்சு இழுக்கு. அதை வெட்டி எடுத்திட்டா, மேல்துணியை ஆவியில இளக்கி இழுத்து விட்டிரலாம். முழுசும் வராது. போட்டுக்கிட்டுப் போக வரும்."

"லைனிங் இல்லாமலா?"

"வெள்ளைக்காரன் உள்ள திறந்து பாக்கவா போறான்?"

பிளேடால் தையலைப் பிரித்து லைனிங்கை முழுசாக உரித்து எடுத்தான். மேல்துணியைப் பலகையில் விரித்து, ஈரத்துணி போட்டு, இஸ்திரிப் பெட்டியை அழுத்தினான். ஆவி எழும்பியது. துணி இளகும்போது ஓரங்களைப் பிடித்து இழுத்து, ஆறும்வரை அப்படியே பிடித்திருந்தான். மறுபடி ஈரத்துணி, மறுபடி ஆவி. கொப்புளங்கள் ஒவ்வொன்றாகப் படுத்தன. கைகள் மணிக்கட்டு வரைக்கும் இறங்கின. ஒரு விரற்கடை குறைவுதான். பட்டன் எட்டியது. உள்ளே திறந்தால் தையலும் நூலும் பல்லிளித்தன. மூடினால் கோட்டு.

லைனிங்கைக் குப்பையில் போட எடுத்தவன் அதை முகத்தருகே கொண்டுபோய்ப் பார்த்தான். நெஞ்சுப் பைக்குள் தையல் மடிப்பில் பழுப்பாக ஏதோ தண்ணீரில் ஊறிக் கட்டிப் போய் இருந்தது. நகத்தால் சுரண்டினான். காய்ந்து போனது தூளாக உதிர்ந்தது. பெரிதாக ஒரு தும்மல் வந்தது.

"பொடி" என்றான் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "பெட்ரோலுக்கு இது தெரியாதுன்னு சொன்னேன்லா. பிரஷ் போட்டு எடுத்தேன்னுதான் நெனச்சேன். தையலுக்குள்ள இருந்திருக்கு. என் குறைதான் சாமி, வெளிய சொல்லப்பிடாது."

ஸ்ரீகண்டன் அந்தத் துணியை வாங்கி மூக்கில் வைத்துப் பார்த்தான். அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. "இதைக் காகிதத்தில் சுற்றிக் கொடு" என்றான்.

வீட்டுக்கு வந்ததும் பொட்டலத்தை அம்மா பக்கத்தில் வைத்தான். "நெஞ்சுப் பை மடிப்பில் பாரு" என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்தான். மன்னிப்புக் கேட்கிற பழக்கம் அந்த வீட்டில் யாருக்கும் கிடையாது.

சனிக்கிழமை ஒன்பது மணிக்கு ராகுகாலம். அதற்குமுன் படியிறங்கிவிட வேண்டும். அப்புறம் பத்தரை வரைக்கும் இறங்கக்கூடாது, பத்தரைக்கு இறங்கினால் வேலை வேறு யாருக்காவது போயிருக்கும். நல்ல சகுனத்துக்கு எதிர்வீட்டுச் சுப்புலக்ஷ்மி மாமி குடத்தில் தண்ணீரோடு தெருவில் நின்றாள். பிச்சுமணி சாஸ்திரிகளும் இருந்தார். ஒரு காரியம் அவர் இல்லாமல் கிளம்பியதாகச் சரித்திரம் இல்லை. லலிதாம்பாள் வாசலுக்கு வரவில்லை. பிள்ளை நல்ல காரியத்துக்குப் போகும்போது விதவை எதிரில் நிற்கக்கூடாது என்று அவளாகவே உள்ளறையில் இருந்துகொண்டாள். ஸ்ரீகண்டன் உள்ளே போய் நமஸ்காரம் பண்ணினான். "நன்னா இரு" என்றாள். போய்விட்டு வா என்று சொல்லவில்லை. அவள் மடியில் அந்த லைனிங் இருந்தது.

அவன் நீலக் கோட்டும் வேஷ்டியுமாக வாசற்படியைத் தாண்டி ஒரு காலை வைத்தான். உள்ளறையிலிருந்து ஒரு தும்மல் கேட்டது.

"ஒத்தைத் தும்மல்!" என்று சாஸ்திரிகள் கத்தினார். "நில்லுடா. உள்ள வந்து உக்காரு. ஜலம் குடிச்சுட்டு, கொஞ்சம் கழிச்சுப் போ."

"ராகுகாலம் வந்துடுமே" என்றாள் சுப்புலக்ஷ்மி மாமி.

"வந்தா பத்தரைக்குப் போகட்டும். ஒத்தைத் தும்மலோட இறங்கினா போற காரியம் உருப்படுமா?"

ஸ்ரீகண்டன் ஒரு கால் படியிலும் ஒரு கால் கீழேயுமாக நின்றான். சாஸ்திரிகளைத் தள்ளிவிட்டுப் போய்விடலாம். ஆனால் தும்மினது அம்மா. அவளைத் தாண்டிக்கொண்டு போக அவனால் முடியவில்லை. கூடத்துக் கடிகாரம் எல்லோருக்கும் கேட்டது.

உள்ளே லலிதாம்பாள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். தும்ம வேண்டும் என்று அவள் தும்மவில்லை. பிள்ளை படியிறங்குகிற நேரத்தில் கைக்கு ஒரு பிடிமானம் வேண்டியிருந்தது. மடிப்பை முகத்தில் வைத்துக்கொண்டாள். பொடி தன் வேலையைச் செய்துவிட்டது. சாஸ்திரிகள் கத்தியதும் அவளுக்கு எல்லாம் புரிந்தது. இனி அவள் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. "உன்னிஷ்டம்" என்றுகூடச் சொல்ல வேண்டாம். சும்மா இருந்தால் போதும். அவன் உள்ளே வந்து உட்காருவான். ஒன்பது அடிக்கும். பிள்ளை வீட்டோடு இருப்பான், ஒருவரும் அவளைக் குறை சொல்ல மாட்டார்கள். ஆசையாகத்தான் இருந்தது. அவ்வளவு ஆசையாக இருந்தது.

பிறகு கோட்டயம் வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்து, அன்று ராத்திரி சாப்பிடாமல் படுத்த மனுஷரின் ஞாபகம் வந்தது. ஒரு வார்த்தை அவர் அவளைக் கடிந்துகொள்ளவில்லை. அதைத்தான் அவளால் இன்றுவரை தாங்க முடியவில்லை.

மடிப்பை விரித்தாள். அதில் மிச்சம் கொஞ்சம்தான் இருந்தது. நகத்தால் சுரண்டி, அவர் எடுக்கிற மாதிரியே இரண்டு விரலால் எடுத்து, ஒரே இழுப்பாக இழுத்தாள்.

தும்மல் தெருக்கோடிவரை கேட்டது.

"ரெட்டை!" என்றாள் சுப்புலக்ஷ்மி மாமி, குடத்துத் தண்ணீர் தளும்ப. "ரெட்டைத் தும்மல் நல்லதாக்கும். போடா, வேகம் போ!"

சாஸ்திரிகள் வாயைத் திறந்தார். இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி இருக்கலாம் என்பதைப் பற்றி அவருக்கு ஏதோ அபிப்பிராயம் இருந்திருக்க வேண்டும். அதைச் சொல்வதற்குள் ஸ்ரீகண்டன் திரும்பி உள்ளே எட்டிப் பார்த்துவிட்டான். உள்ளறைக் கதவு பாதி திறந்திருந்தது. அம்மாவின் மூக்கு நுனியிலும் விரல்களிலும் பொடி அப்பியிருந்தது. அவள் அவனைப் பார்த்து, போ என்று கையைக் காட்டினாள். அவன் படியிறங்கி, திரும்பிப் பார்க்காமல் நடந்தான்.

வேலை கிடைத்ததா என்றால், கிடைத்தது. லைனிங் இல்லாத அந்தக் கோட்டோடு பூனாவுக்குப் போய் அங்கத்திய குளிரில் நடுங்கினான். அக்ரகாரத்துப் பட்டுப் புடவைகளும் அதற்கப்புறம் ஒவ்வொன்றாகத் தாசையன் கடைக்குப் போக ஆரம்பித்தன. பட்டில் லைனிங் இல்லாததால் சாஸ்திரிகளுக்குச் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. அதெல்லாம் பிற்பாடு.

அன்று காலை அவன் தெருக்கோடியில் திரும்பி மறைந்ததும் எல்லோரும் அவரவர் வேலைக்குப் போனார்கள். லலிதாம்பாள் மடிப்பில் இருந்த கடைசித் துகள்களையும் விரலில் ஒத்தி எடுத்தாள். மூன்றாவது தும்மலை யாரும் எண்ணவில்லை.